குழாய்த் தண்ணீர் மேல் போட்ட பழி

முட்டி இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. பதினெட்டு வருஷமாகத் தரையில் மண்டியிட்டு டைல்ஸ் பதிக்கிறவனுக்கு முட்டிவலி புதிதல்ல. ஆனால் குளிர் நாளில் அது வலி இல்லை, வசவு. இன்று டைல்ஸ்காரன் வேலைக்குப் போகவில்லை. போகாமல் என்ன லாபம்? வீட்டு வாசலில் நின்ற பழைய வேனின் முன்னால், ஈரத் தரையில், அதே முட்டியைத்தான் ஊன்றிக் கிடந்தான். மணி ஒன்றரை. நான்கு மணிக்கு மாமனாரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர வேண்டும்.

மாமனாருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ரத்தத்தைச் சுத்தம் செய்து வெளியே அனுப்பும்போது மனுஷன் உடம்பில் சூடு என்று ஒன்று இருக்காது. பல் தந்தியடிக்கும். வேனில் ஹீட்டரை முழுசாகத் திருகி வைத்தாலும் வருவது ஒரு சோகைக் காற்று. இன்று காலை இரண்டு கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்து கொண்டு அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்:

"மாப்ள, ஊசி குத்தினாத் தாங்கிக்கிறேன். இந்த ஐஸ் பெட்டியைத் தாங்க முடியல. சாயங்காலமும் இப்படித்தான்னா, அடுத்த தடவை நான் வரல. ஆளை விடுங்க."

சும்மா சொல்கிற ஆள் இல்லை அவர். இரண்டு தடவை தவறினால் ஆள் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

கோளாறு எது என்பதில் டைல்ஸ்காரனுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. இன்ஜினின் சுடுதண்ணீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குப் போய்வரும், அதன் மேல் ஃபேன் காற்றை ஊதும், அவ்வளவுதான் ஹீட்டர். அந்தக் குட்டி ரேடியேட்டர் அடைத்துக் கொண்டிருக்கிறது. அடைக்க வைத்தவன் மச்சினன், மனைவியின் தம்பி. வீடு மாற்ற வேனை வாங்கிப் போனவன், இன்ஜினைக் குளிர்விக்கிற பச்சைக் கூலண்ட் குறைந்திருக்கிறது என்று குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றிக் கொண்டு வந்தான். "உன் கையால வண்டி துருப்பிடிச்சு நாசமாப் போச்சுடா" என்று சாப்பாட்டு நேரத்தில், எல்லார் முன்னாலும் டைல்ஸ்காரன் கத்தினான். மச்சினன் பாதித் தட்டில் எழுந்து கை கழுவிக் கொண்டு போனவன்தான். மூன்று மாதமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது அந்தத் துருவை வெளியே கொண்டுவந்து காட்டிவிட வேண்டும். இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பைத் தளர்த்தி இரண்டு ரப்பர் குழாயையும் உருவினான். தோட்டத்து ஹோஸைத் தண்ணீர் திரும்பி வருகிற வழியில் செருகித் தண்ணீரைத் திறந்தான். எதிர்ப்பக்கம் வாளியில் விழுந்தது.

மனைவி வாசலுக்கு வந்து வாளியை எட்டிப் பார்த்தாள். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். இன்று மாலை ஷிஃப்ட்.

"எங்க துரு?"

"வரும். பொறு."

முதலில் பச்சையாகக் கொஞ்சம் வந்தது. அப்புறம் வெளிர்ப்பச்சை. அப்புறம் குடிக்கலாம் போலத் தெளிந்த தண்ணீர். அடைப்பும் இல்லை ஒன்றும் இல்லை, பிய்த்துக் கொண்டு கொட்டியது.

"வலை போட்டுப் பிடிக்கணுமோ?" என்றாள் அவள்.

"உன் தம்பிக்கு நீ வக்கீலா?"

"வக்கீல் இல்லங்க. சாட்சி."

குழாய்களை மாட்டினான், கேனில் மிச்சமிருந்த கூலண்ட்டை ஊற்றினான். அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கச் சொன்னான். பத்து நிமிஷம் ஆனது. பதினைந்து ஆனது. நின்ற இடத்தில் அவனால் நிற்க முடியவில்லை. பானெட்டுக்கும் ஜன்னலுக்கும் நடந்து, மணியைப் பார்த்து, மறுபடி நடந்தான். மணி இரண்டே கால்.

இரண்டு குழாயையும் ஒவ்வொரு கையில் பிடித்துப் பார்த்தான். அடைப்பு என்றால் ஒன்று சுட வேண்டும், மற்றது சில்லென்றிருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி, குளிப்பாட்டி எடுத்த பிள்ளை உடம்பு போல வெதுவெதுவென்று இருந்தன.

"இந்த முள்ளு எழுந்திரிக்கவே மாட்டேங்குதே," என்று மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். "ஞாயித்துக்கிழமை நீங்க படுத்திருக்கிற மாதிரியே படுத்திருக்கு."

"எந்த முள்ளு?"

"சூடு காட்டுற முள்ளு. இன்ஜின் சூடே ஆகலைன்னா ஹீட்டர் மட்டும் எங்கேருந்து சூட்டைக் கொண்டு வரும்?"

குழாயைப் பிடித்த கை அப்படியே நின்றது.

டைல்ஸுக்கு வருவதற்கு முன்னால், வெயில் கொளுத்துகிற ஊரில் ஒரு ஒர்க் ஷாப்பில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன் அவன். அங்கே எந்த வண்டி கொதித்துக் கொண்டு வந்தாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கிற சின்ன வால்வு அது. வெயில் ஊரில் அதற்கு என்ன வேலை? போன கோடையில் இந்த வேன் கொதித்தபோதும் அதே கை அதே வேலையைச் செய்தது. கை செய்தது மனசில் பதியவில்லை. கொதித்ததற்குக் காரணம் ஒரு கிளாம்ப் கசிவு. அதையும் அன்றைக்கே முறுக்கிவிட்டான். வால்வை மட்டும் திரும்ப மாட்டவில்லை. குளிர் வந்ததும் தண்ணீர் தடையில்லாமல் ரேடியேட்டருக்கு ஓடி ஓடி ஆறிக்கொண்டே இருக்கிறது. மச்சினனின் குழாய்த் தண்ணீர் ஒரு பாவமும் செய்யவில்லை.

"ஆஃப் பண்ணு," என்றான்.

ஆணி டப்பாவைக் குப்புறக் கவிழ்த்தான். ஸ்க்ரூ, வாஷர், உடைந்த கட்டர் பிளேடு இவற்றுக்கு நடுவே பித்தளை நிறத்தில் அது கிடந்தது. சமையலறைக்கு ஓடி, கைக்குக் கிடைத்த பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதைப் போட்டான். கொதி வரும் நேரம் வால்வு மெல்ல வாயைத் திறந்தது. எடுத்துத் தட்டில் வைத்தான், மூடிக்கொண்டது. அணுவளவும் பழுதில்லை.

"என் பால் பாத்திரத்துல என்ன வேக வைக்கிறீங்க?" மனைவி பின்னால் நின்றாள்.

"பார்ட்."

"புதுசா?"

"இல்ல. டப்பால கிடந்துச்சு."

அவள் தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இஸ்திரி மேஜையில் ஆயிரம் சட்டைச் சுருக்கம் பார்த்த கண் அது.

"நம்ம வண்டியோடதா?"

"ம்."

"யாரு கழட்டினது?"

முன்னால் வண்டி வைத்திருந்தவன் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் புறங்கையை இடுப்பில் வைத்து நின்ற நிலையில் அது அங்கேயே செத்தது.

"நான்தான்," என்றான். "மறந்துட்டேன்."

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. "போய் மாட்டுங்க. அப்பாவுக்கு நேரமாச்சு," என்றாள். கதவுப் பக்கம் போய்த் திரும்பி, "அந்தப் புள்ள அன்னைக்குச் சோத்துல கை வச்சபடி எழுந்து போனான்," என்றாள்.

இன்ஜினில் தெர்மோஸ்டாட் உட்காரும் இடத்து மூடியின் இரண்டு போல்ட்டைக் கழற்றினான். எதிர்பார்த்தபடி உள்ளே வெறும் குழி. மூடி கசியாமல் அடியில் வைக்கிற கேஸ்கட் கையில் இல்லை. அட்டைப்பெட்டி மூடியை மூடியளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி வைத்தான். அவசரத்தில் ஒரு போல்ட் கைதவறி உள்ளே விழுந்து, காந்தத்தை விட்டு மீன் பிடிக்கிற மாதிரி எடுக்க வேண்டியதாயிற்று. விரல் தோல் உரிந்தது. மூன்று மணி. மாட்டி, நிரப்பி, உள்ளே சிக்கிய காற்று போக இன்ஜினை ஓடவிட்டான். ஏழாவது நிமிஷம் முள் சிலிர்த்துக் கொண்டது. அப்புறம் நடுக்கோட்டுக்கு ஏறி நின்றது. ஜன்னலை மூடிவிட்டு ஹீட்டரைத் திருகினான். முகத்தில் அடுப்பு திறந்த மாதிரிச் சூடு அடித்தது. முட்டி இரண்டும் முதன்முறையாக அடங்கின. அவனால்தான் உட்கார முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மாமனார் ஏறியபோது கம்பளியைப் பிரிக்கவே இல்லை. பாதி வழியில் தானாக ஒன்றைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார்.

"யாரு பாத்தது? எம் பையன் வந்தானா?"

"இல்ல மாமா. நானே."

"கெட்டிக்காரர் மாப்ள நீங்க. வியாழக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"பத்தரைக்கு," என்றான். ஸ்டியரிங்கைப் பிடித்த கை வியர்த்தது. ஹீட்டரால் மட்டும் இல்லை.

வீட்டில் அவரைப் படுக்க வைத்துவிட்டு, வேனுக்குள்ளேயே உட்கார்ந்து மச்சினனுக்குப் போன் போட்டான். நான்காவது மணியடிப்பில் மச்சினன் எடுத்தான்.

"சொல்லுங்க அத்தான்." குரலில் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை.

"ஒண்ணுமில்ல. வேன் ஹீட்டர் சரியாயிடுச்சு."

"அப்படியா."

"உன் தண்ணி இல்லடா காரணம். ஒரு பார்ட் இல்லாம இருந்துச்சு."

"யாரு எடுத்துட்டா?"

கண்ணாடியில் வைப்பர் ஒரு முறை போய் வந்தது. அவன்தான் போட்டிருக்கிறான், மழை இல்லை.

"அது... பழைய வண்டிதானே. சரி, அப்பா நல்லாருக்கார். வை."

வைத்துவிட்டான். அன்று கத்திய வாயால் ஒரு மன்னிப்பு, பழி சுமந்தவனிடம், அதே சாப்பாட்டு நேரத்தில், அதே எல்லார் முன்னாலும் கேட்டாக வேண்டும். அது இன்னும் பாக்கி.