பின்சீட்டுக் காலடியில் ஒரு சூடு

துர்பான் வெயிலுக்கு இரக்கம் என்பதே கிடையாது. அங்கே பல்லிகூட ஒரு காலைத் தூக்கி ஆற்றிக்கொண்டுதான் மறுகாலை ஊன்றும். அதனால்தான் கோடை வந்தால் சீனத்துக் கார் கம்பெனிகளெல்லாம் புது வண்டிகளின் ஏசியைச் சோதிக்க அங்கே வந்து குவிகின்றன.

எஞ்சினியர் ருயி கொண்டுவந்த ஏசி அவளுடைய மூன்று வருட உழைப்பு. அவள் கம்பெனியின் மூத்த எஞ்சினியர் லியாவ் என்பவரும் ஒன்று செய்து கொண்டுவந்திருந்தார். இரண்டில் ஒன்றுதான் தொழிற்சாலைக்குப் போகும், மற்றது குப்பைக்கு. அன்று மதியம் கடைசிச் சோதனை.

வண்டியின் கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளுக்கு டேப் ஒட்டி, வெயிலில் வேகவிடுவார்கள். உள்ளே ரொட்டி சுடலாம் என்கிற பதம் வந்ததும் டிரைவர் ஏறி, ஏசியை முழுசாக வைத்து ஓட்டுவார். உள்ளே தொங்கும் வெப்பமானிகள் எத்தனை சீக்கிரம் இறங்குகின்றன என்பதுதான் பரீட்சை.

ருயியின் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்தால் மூக்கில் பனி கட்டும். பின்சீட்டுக் காலடி மட்டும் இரண்டு நாளாக இறங்க மறுத்தது. குழாயைக் கழற்றிப் பார்த்தாள். வெப்பமானியை மாற்றினாள். எங்கேயும் கோளாறு இல்லை. அப்படியானால் யாரோ கைவைக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, லியாவ்தான்.

அதற்குப் பிறகு லியாவ் சிரித்தால் சதி, சிரிக்காவிட்டால் பெரிய சதி. அவர் கொடுத்த தேநீரை ருயி முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்துச் செடிக்கு ஊற்றி, அது சாகிறதா என்று காத்திருந்தாள். செடி ஏற்கெனவே வெயிலில் செத்துப்போயிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

கடைசி நாள் காலை திராட்சைப் பந்தலுக்குள் பதுங்கி, தன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். லியாவ் வந்தார். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். போய்விட்டார். அடுத்து வந்தவன் அவளுடைய டிரைவர் துர்சுன். இடுப்பில் ஒரு மூட்டை. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், பின்கதவைத் திறந்தான். விலைபோய்விட்டான் பாவி என்று ருயி பாய்ந்து ஓடினாள்.

"சீட்டுக்கு அடியில என்ன?"

துர்சுன் அசடு வழிந்தபடி மூட்டையைச் சுற்றியிருந்த சட்டைத்துணியை விலக்கினான். கன்றுக்குட்டி அளவில் ஒரு முலாம்பழம்.

"ஜில்லுனு சாப்பிடலாம்னுதான் எஞ்சினியரம்மா. லியாவ் சார் வண்டியில யாரு வைப்பா? நம்ம ஏசிதான் ஒசத்தி."

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா. கோவிச்சுக்காதீங்க, தோல்தான் ஜில்லுங்குது, உள்ள கொதிக்குது. எனக்கே உங்க ஏசி மேல ஒரு சந்தேகம் வந்துருச்சு. சரி, இன்னைக்குப் பெருசா வச்சுப் பாப்போம்னு..."

ருயிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மூடிய வண்டிக்குள் பழமும் சேர்ந்து வெந்து, ஓடும்போது காலடியில் அடுப்பாக உட்கார்ந்திருக்கிறது.

மதியம் பழம் இல்லாமல் வண்டி ஓடியது. காலடி வெப்பம் கிணற்றில் விழுந்த வாளிபோல இறங்கியது. ருயியின் ஏசியையே எடுத்துக்கொள்வதாகப் பெரிய அதிகாரி அங்கேயே சொல்லிவிட்டார்.

லியாவ் அவளுடைய வண்டியை மூன்று சுற்று சுற்றிவந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"ஒரே நாள்ல எப்படிம்மா இறங்கும்? உள்ள என்னத்த வச்சே?"

"எதையும் வைக்கல சார். இருந்ததை எடுத்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"முலாம்பழம்."

லியாவ் அவளை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தன் டிரைவரைக் கூப்பிட்டு, தன் வண்டியின் சீட்டுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கழற்றச் சொன்னார்.