ஓரம் விட்ட நிலம்

கடைசியாக அவர் கேட்டது குடிக்கத் தண்ணீரா, வயலுக்குத் தண்ணீரா என்பது சரியாகத் தெரியவில்லை. அது காதில் விழுந்தது அவருடைய மனைவிக்கு மட்டும்தான். அவள் சொல்லும்போது சில நாள் அது வெறும் "தண்ணி" என்று நின்றுவிடுகிறது. சில நாள் "தண்ணி வந்துடுச்சா" என்று நீள்கிறது. அன்று விடிந்தபோது வெளியே பனி மூடியிருந்தது என்கிறாள். அது பனிக்காலமே இல்லை என்கிறார்கள் மற்றவர்கள். ஆகவே இதில் சில இடங்கள் நடந்தபடி இல்லாமல், அவள் மனதில் தங்கியபடி இருக்கலாம்.

அவள் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவர் தலையைத் தூக்கிப் பிடித்தாள். உதடு நனைந்தது. அவர் குடிக்கவில்லை. டம்ளரைத் தாண்டி, திறந்திருந்த பின்கதவு வழியாகத் தக்காளிப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. கிணற்றடியில் மோட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"மடையைத் திறந்துவிட்டுட்டு ஒரே ஓட்டமா வந்துடறேங்க."

அவர் கண்ணை மூடித் திறந்தார். சரி, போ என்று அர்த்தமாக இருக்கலாம்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பனிக்குள் வாய்க்கால் மட்டும் வெள்ளையாக ஓடியது. மடையைத் திறந்துவிட்டு, முதல் பாத்தியின் வாயில் தண்ணீர் நுழைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மண் காலோடு உள்ளே வந்து, "வந்துடுச்சுங்க" என்றாள். அவர் கண் பின்கதவின் பக்கமாகவே திறந்திருந்தது.

அவள் கத்தவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் வரிசை வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடின. நடுவரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கூடத்தின் கோடியில், நீண்ட மேசையில் அவர் துணி விரித்துக்கொண்டிருந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக, சுருக்கம் இல்லாமல், உள்ளங்கையால் நீவி நீவி. வெள்ளைத் துணி மேசையைத் தாண்டி வழிந்து, கதவைத் தாண்டி, வாய்க்காலையும் பாத்திகளையும் மூடிக்கொண்டு போனது. ஒருவேளை அவள் பனி என்று சொல்வது அதுதானோ என்னவோ.

அவர் துணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கம்பெனி மூடியதும் கூட வேலை பார்த்தவர்கள் வாட்ச்மேனாகவும் டெலிவரிக்கும் போக, இவர் மட்டும் கிடைத்ததை வைத்து இந்தத் துண்டு நிலத்தை வாங்கினார். செடிக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாத காலம். அவளுக்கு வருவதற்கே விருப்பமில்லை. "அங்க கரண்ட் வந்தா மிஷின் ஓடுச்சு. இங்க கரண்ட் வந்தா நான்ல ஓடறேன்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே திட்டுவாள். அவர் சிரிப்பார். சிரிக்கும்போதுதான் இருமல் வரும்.

முதல் வருடம் அவர் செய்த காரியத்தை ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. வரப்பு வரைக்கும் பாத்தி கட்டாமல், நிலத்தின் மேற்கு ஓரம் முழுக்க இரண்டு ஆள் ஒட்டி நடக்கிற அகலத்துக்குச் சும்மா விட்டுவிட்டார். எருமை வளர்க்கும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன மாஸ்டரு, விதை பத்தலியா?"

"ஓரம் வரைக்கும் வெட்டக் கூடாதும்மா. உள்ள கொஞ்சம் துணி விட்டுத்தான் தைக்கணும். நாளைக்கு உடம்பு பெருத்தா பிரிச்சு விட வேணாமா?"

எருமை அக்கா அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். "கேட்டீங்களா சேதிய! மாஸ்டரு நிலத்தைப் பிரிச்சுப் பெருசாக்கப் போறாராம்!"

அந்தச் சிரிப்பு ஒரு போகம் முழுக்க ஓடியது. பிறகு அந்த ஓரத்தில் புல் வளர்ந்தது. எருமை அக்கா ஒருநாள் கேட்காமலே மாட்டை அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனாள். அப்புறம் பால் வண்டிக்காரன் தன் சைக்கிளை அதில் விட்டான். ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியவர்கள் எல்லாம் அதில் நடந்தார்கள். நடக்கும்போது இவர்களுடைய பின்கதவைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். ஆனாலும் இவர்களுக்கு ஊரில் வேறு பெயர் கிடைக்கவில்லை. வந்தவங்க வீடு. வந்தவங்க கிணறு.

மேற்குப் பக்கத்து நிலத்துக்காரருக்கு அரைச்சாண் என்று பெயர். வருஷா வருஷம் வரப்பைச் செதுக்கும்போது நாலு பக்கமும் அடுத்தவர் மண்ணில் அரைச்சாண் தள்ளிச் செதுக்குவார். மாஸ்டரின் வரப்பிலும் செதுக்கினார். மாஸ்டர் பார்த்துக்கொண்டே நின்று, "எடுத்துக்கங்க. அதுக்குத்தானே விட்டு வச்சிருக்கேன்" என்றார். அரைச்சாண் அன்றைக்கு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். மாஸ்டர் தன்னைக் கிண்டல் செய்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

அந்த அரைச்சாண்தான் இப்போது பின்பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ் மாஸ்டரு! வாய்க்கா உடைச்சுக்கிட்டுத் தண்ணி பூரா என் காட்டுல நிக்குது! உள்ள தூங்கறியா?"

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அரைச்சாண் பின்வாசற்படி வரைக்கும் வந்துவிட்டார். கையில் மண்வெட்டி.

"தூங்கறாராம்மா?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். தலைத்துண்டை எடுத்தார். பிறகு திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும். காலடிச் சத்தம் தேய்ந்து போனது. சண்டைக்காரன் வந்தான், தண்ணியை நிறுத்தினான், போயிட்டான், அவ்வளவுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தொட்டியில் போட்ட கல் மாதிரி அந்த நினைப்பு மெதுவாக உள்ளே இறங்கியது.

மாஸ்டரின் தம்பிக்குப் போன் செய்தாள். அவர் கண்ணை அழுத்தி மூடினாள். முகம் கழுவிவிட்டாள். அவர் விரலிடுக்கில் இருந்த மண் மட்டும் போகவில்லை. அந்த விரல்களில் ஒருகாலத்தில் துணியில் கோடு போடுகிற சாக் பவுடர்தான் இருக்கும், நீலமும் மஞ்சளுமாக.

வெயில் ஏறும்போது கொழுந்தன் வந்தார். ஒரு வேனைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, எப்போதும் போலக் காரியத்துக்கு வந்தார்.

"அண்ணி, இங்க வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. ஊருக்குக் கொண்டு போயிடலாம்."

"ம்."

"நீங்களும் வந்துடுங்க. அப்புறம் வர்றேன் அது இதுன்னு சொல்லாதீங்க. துணிமணியை எடுத்து வையுங்க. நிலத்தைப் பின்னாடி ஒரு ஆளைப் பிடிச்சுக் கொடுத்துக்கலாம்."

"தக்காளி பழுத்து நிக்குது."

"அண்ணி!" அவர் குரல் உயர்ந்து, உடனே தாழ்ந்தது. "அண்ணனே போயிட்டான். தக்காளி கிடக்கட்டும்."

அவள் தலையாட்டினாள். கொழுந்தன் வாசலுக்குப் போய் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். வேன்காரர் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோடு வெயிலில் ஆடிக்கொண்டு கிடந்தது.

"பாருங்க, ஒரு ஈ காக்கா இல்ல. தூக்கறதுக்கு நாலு பேர் வேணாமா? இத்தனை வருஷம் இருந்து என்ன? இங்க நமக்குன்னு யாரு இருக்கா, நீங்களே சொல்லுங்க."

அவளும் அதையேதான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். யாரு இருக்கா. எருமை அக்கா சிரிப்பாள். பால் வண்டிக்காரன் மணி அடிப்பான். அதெல்லாம் இருக்கிற கணக்கில் சேருமா? அவர் இருந்தார், அதனால் இவளும் இருந்தாள். இப்போது போனால், மிஷினில் இருந்து நூலை உருவுகிற மாதிரித்தான். இந்த ஊரில் ஒரு தடமும் இருக்காது.

உள் அறைக்குப் போய்ப் பையை எடுத்தாள். அவருடைய சட்டைகளை மடித்தாள். எல்லாம் அவரே வெட்டி இவள் தைத்தவை. உடம்பு இளைக்க இளைக்க உள்ளே பிடித்துப் பிடித்துத் தைத்ததில், தையல் ஓரங்கள் தடித்துக் கிடந்தன. பிரித்துவிட அவ்வளவு துணி இருந்தது. விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போது பின்பக்கத்தில் எருமை கத்தியது.

பின்கதவு எப்போதோ காற்றில் சாத்திக்கொண்டிருந்தது. அவள் அதைத் திறந்தாள்.

மேற்கு ஓரம் முழுக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக, புல்லின் மேல், சத்தமில்லாமல். வயலில் இருந்து அப்படியே வந்தவர்கள். முழங்கால் வரைக்கும் மண். முன்னால் அரைச்சாண், தோளில் மண்வெட்டி. அவருக்குப் பின்னால் எருமை அக்கா. அவள் வந்ததால் எருமையும் வந்திருந்தது. பால் வண்டிக்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பேர் தெரியாத, ஆனால் நடை தெரிந்த எத்தனையோ பேர். பனி இல்லை, வெயில் நன்றாக அடித்தது. அப்படியும் அவர்கள் எதற்குள்ளிருந்தோ கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வருகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அரைச்சாண் வாசற்படியில் நின்றார்.

"எல்லாரும் ஆளுக்கொரு மூலையில கிடந்தாங்கம்மா. காடு காடா ஏறி எறங்கிக் கூட்டியாற நேரமாயிடுச்சு."

எருமை அக்கா அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையிலும் மண். அப்போதுதான் அவள் அழுதாள்.

கொழுந்தன் முன்வாசலில் இருந்து ஓடிவந்தார். பின்கட்டு நிறைய ஆட்கள் நிற்பதைப் பார்த்துத் திகைத்தார்.

"இவங்க எல்லாம் எந்தப் பக்கமா வந்தாங்க? நான் ரோட்டையேல்ல பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"ரோட்டுல யாருங்க வரா? வெளியூர்க்காரங்கதான் வருவாங்க" என்றாள் எருமை அக்கா.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொழுந்தனைப் பார்த்துச் சொன்னாள். குரல் வேறு யாருடையதோ போல நிதானமாக வந்தது.

"தம்பி, வேனை அனுப்பிடுங்க."

"அண்ணி..."

"அவரு விட்டு வச்ச ஓரம் இருக்கு. அங்கேயே வச்சுடலாம்."

கொழுந்தன் எதிர்த்துப் பேச வாயெடுத்தார். சுற்றிலும் மண்வெட்டிகள் நின்றன. அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "எனக்கும் ஒரு மண்வெட்டி கொடுங்க" என்றார்.

வாங்கிய வேகத்தில் ஓங்கி வெட்டினார். மண் தெறித்துப் பால் வண்டிக்காரனின் முகத்தில் விழுந்தது. "சார், குழி வெட்டத்தானே சொன்னாங்க, என்னைப் புதைக்கச் சொல்லலியே" என்றான் அவன். யாரோ சிரித்தார்கள். செத்தவர் இருந்திருந்தாலும் சிரித்திருப்பார்; இருமியும் இருப்பார்.

பாத்தியை ஒட்டி, நீளவாக்கில் குழி வெட்டினார்கள். காலையில் பாய்ந்த தண்ணீரில் மண் ஊறி இளகியிருந்தது. வெட்டி முடித்து மேலே ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: குழிக்கும் வரப்புக்கும் நடுவில் மிச்சம் இருந்த இடத்தில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடியும்.

"மாடு போகாதே" என்றார் ஒருவர்.

"விடுங்க. நான் ரோட்டைச் சுத்திக்கிட்டு ஓட்டிட்டுப் போறேன்" என்றாள் எருமை அக்கா.

மாஸ்டரின் மனைவி குழியைப் பார்த்தாள், வரப்பைப் பார்த்தாள். அவர் விட்டுவைத்ததை அவரே அடைத்துக்கொண்டு படுக்கப் போகிறார். அது அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தது.

அரைச்சாண் வரப்பின் மேல் ஏறி நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் தன் பயிரைப் பார்த்தார். தண்ணீர் இன்னும் தேங்கி நின்றது. பிறகு தன் நிலத்துக்குள் இறங்கி, வரப்பை வெட்டி மண்ணைத் தன் பக்கமாகவே இழுத்துப் போட ஆரம்பித்தார். குழியின் நீளத்துக்கு வரப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய பயிரின் மேல் நகர்ந்தது.

பால் வண்டிக்காரனுக்குத் தாங்கவில்லை. "என்னண்ணே, கை பழக்கம் மாறிப் போச்சா? உங்க காட்டுக்குள்ள வெட்டறீங்க."

"மாடு போக வேணாமாடா?" என்றார் அரைச்சாண், நிமிராமல்.

அரைச்சாணுக்கு மேலேயே வெட்டினார்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. எருமை முதலில் போனது. குவிந்த புது மண்ணை மூக்கால் முகர்ந்துவிட்டு, இடிக்காமல், வளைந்த வரப்பை ஒட்டி நடந்து போனது.

வேன் அன்றைக்கே காலியாகத் திரும்பிவிட்டது. கொழுந்தன் சில நாள் இருந்துவிட்டுப் போனார். இப்போது அறுப்புக்கு அறுப்பு வருகிறார், வரும்போது முன்வாசல் பக்கம் போவதில்லை. பால் வண்டிக்காரன் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டான். அந்த ஓரத்தில் வரும்போது மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறான். எருமை அக்காவின் அந்த எருமை செத்துவிட்டது. அதன் கன்று அதே வழியில் போகிறது. அரைச்சாண் மற்ற மூன்று பக்கமும் இன்னும் அரைச்சாண் செதுக்குகிறார், திட்டும் வாங்குகிறார். மேற்கு வரப்பில் அந்த வளைவை யாரும் நேராக்கவில்லை. பழைய வரப்பு இருந்த இடம் புல்லுக்கு நடுவில், பிரித்துவிட்ட சட்டையில் பழைய தையல் தெரிவதுபோலக் கோடாகத் தெரிகிறது.

அவள் அங்கேயேதான் இருக்கிறாள். கரண்ட் வந்தால் ஓடுகிறாள். முதலில் அவர் படுத்திருக்கிற பக்கத்து மடையைத்தான் திறக்கிறாள். தண்ணீர் அந்த இடத்தில் சற்று நின்று, பிறகு பாத்திக்குள் போகிறது.