நீரூற்று கேட்ட தெரு

தெரு முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்ததால் எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்கா. கடை நன்றாகத்தான் ஓடியது, மழை வரும்வரை. நாலு தூறல் போட்டால் போதும், மூன்று தெருத் தண்ணீரும் பேசி வைத்துக்கொண்டதுபோல அவள் கடை வாசலில் வந்து நிற்கும். வடிவதற்கு இரண்டு நாளாகும். வடிகால் கேட்டு நகராட்சிக்கு ஆறு மனு போட்டிருந்தாள். ஆறுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில் வந்தது. ஆறும் ஒரே தாளின் நகல்கள் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அவள் தொழிலே அதுதானே.

அப்போதுதான் 'நம் நகரம், நம் யோசனை' என்று ஓர் அழைப்பு வந்தது. நகரத்தைப் பசுமையாகவும் புத்திசாலியாகவும் ஆக்கப் போகிறார்களாம். குடியிருப்பவர்களே வந்து வழி சொல்ல வேண்டுமாம்.

"போய் என்ன ஆகப் போகுது? ஆறு தடவ சொல்லியாச்சு" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

"எழுதிக் குடுத்தேன். வாயத் திறந்து சொன்னேனா?"

தெருவில் நாற்பது பேரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

கூட்ட அறையில் நாலு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் நகர வரைபடத்தை விரித்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று ஒட்டும் பொட்டு. மரம் வேண்டிய இடத்தில் பச்சை, ஆளைக் கண்டால் தானே எரியும் விளக்குக்கு மஞ்சள். "நீலம் தண்ணிக்கு" என்பதுவரை கேட்டது. மீதியை மைக் விழுங்கிவிட்டது.

தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கடை வாசலில் நீலத்தை ஒட்டி, "எல்லாரும் இங்கயே ஒட்டுங்க, நல்லா கண்ணுல படட்டும்" என்றாள். இடம் போதாமல் பொட்டின்மேல் பொட்டாக நாற்பத்தொன்று ஏறியது.

திட்ட அலுவலர், வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், ஓடி வந்தாள்.

"இவ்ளோ ஒத்துமையா ஒரு தெருவ நான் பார்த்ததே இல்லக்கா!"

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. படம் எடுத்தபோது நடுவில் நின்றாள்.

மூன்றாம் மாதம் கடைக்கு எதிரே ஆட்கள் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்தார்கள். அவள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் ஒரு பலகை நட்டார்கள்: 'மக்கள் விரும்பிய நவீன நீரூற்று.' டீ கொடுத்த கையைத் தானே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

"ஏம்மா, தண்ணி போக வழி கேட்டா, தண்ணி வர வழி பண்றீங்களே?"

அலுவலருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீலம்னா நீரூற்றுனு சொன்னேனேக்கா. இப்ப மாத்த முடியாது. நாப்பத்தொரு பேர் கேட்டிருக்காங்க. மக்கள் முடிவுல நாங்க தலையிடக் கூடாது."

"அந்த மக்களே நாங்கதானே!"

"பதிவாகிடுச்சுக்கா, இனி உங்களாலயும் மாத்த முடியாது. வடிகால் வேற துறை. நாங்க அந்த வார்த்தையையே எழுதக் கூடாது."

கத்தினால் இந்தப் பெண்தான் அழுவாள், வடிகால் வராது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, அந்த ஊத்துத் தண்ணி நிரம்பினா எங்க போகும்?"

அலுவலர் வரைபடத்தைப் புரட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. தண்ணீர் வருவதற்குக் குழாய் இருந்தது. போவதற்கு ஒன்றும் இல்லை.

"மழைக்கு நிரம்பி உங்க பலகையே மிதக்கும்மா. ஒரு குழாய் போட்டுடு, பெரிசா. கால்வாய்வரைக்கும் போகட்டும். வடிகால்னு எழுத வேண்டாம்."

அலுவலர் பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுதினாள்: 'நீரூற்று உபரிநீர்ப் பாதை.' அகலம் எவ்வளவு என்று அக்காவையே கேட்டாள். அக்கா இரண்டு கையையும் முழுசாக விரித்துக் காட்டினாள்.

ஆறு மனுவுக்கு அசையாத கையெழுத்து பன்னிரண்டே நாளில் விழுந்தது.

ஆள் நெருங்கினால் தானே பீய்ச்சும் புத்திசாலி நீரூற்று அது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட நகராட்சித் தலைவர் நெருங்கினார். தலை முதல் செருப்புவரை நனைந்தார். அன்றே மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அதில் ஒரு சொட்டு வந்ததில்லை.

அடுத்த வாரம் அடைமழை. அக்கா வாசலிலேயே நின்று பார்த்தாள். மூன்று தெருத் தண்ணீரும் வழக்கம்போல வந்தது, நீரூற்றைச் சுற்றி ஒரு சுழி சுழித்தது, அரை மணியில் கால்வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வந்த கணவர் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி தண்ணீர் நிற்காத தெருவில் நடந்து வந்து அசடு வழிந்தார்.

விஷயம் பரவியது. பள்ளமான தெருக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்தி விசாரித்தார்கள். அக்கா எல்லோருக்கும் ஒரே யோசனைதான் சொன்னாள்.

வருஷ முடிவில் அலுவலர் ஒரு தடித்த அறிக்கையோடு கடைக்கு வந்தாள். அலுவலக மெஷின் படுத்துவிட்டதாம், இருபது நகல் வேண்டுமாம். தாள்கள் விழ விழ அக்கா ஒன்றை எடுத்துப் படித்தாள். 'இந்நகர மக்கள் நீரூற்றுகளின்மேல் அளவு கடந்த பிரியம் கொண்டவர்கள். அறுபத்து மூன்று இடங்களில் கேட்டிருக்கிறார்கள்.'

"இத நீதான் எழுதினியா?"

"ஆமாக்கா" என்றாள் அலுவலர், சிரிக்காமல். "அறுபத்து மூணுக்கும் உபரிநீர்ப் பாதை சேர்த்திருக்கேன்."

அக்கா தாள்களைத் தட்டி அடுக்கினாள். "கொஞ்சம் பெரிசாவே போடு" என்றாள்.