சந்தனப் பொட்டும் பழைய ஃபர்ம்வேரும்

எங்கள் கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டருக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் ஓய்வு, ஆயுத பூஜை அன்று. மற்ற முந்நூற்றுச் சொச்ச நாளும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அணைத்தால் திரும்ப வராது என்பது முதலாளி ராஜதுரை அண்ணாச்சியின் நம்பிக்கை. உடன்குடியில் மளிகைக் கடை வைத்துத் தொடங்கி முத்தையாபுரத்தில் யார்டு கட்டிய மனிதர். கடை ஃபிரிட்ஜில் பட்ட அனுபவத்தை அப்படியே கம்ப்யூட்டருக்கும் பொருத்திவிட்டார். இங்கே சிஸ்டம் அட்மின் நான், சுடலைச்செல்வி, ஊர் ஏரல். ஆறு வருஷம் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். நானும் விட்டுவிட்டேன்.

பூஜைக்கு வாசல் கேட்டில் இருக்கும் நான்கு லேப்டாப்பையும் அணைத்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தது சண்முகத்தாய் அக்கா. யார்டைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. அவள் மகள் சாயர்புரத்தில் காலேஜ் படிப்பது அந்த வேலையை நம்பித்தான். மறுநாள் காலை கற்பூரம் காட்டி நான்கையும் போட்டார்கள். நான்கிலும் வைஃபை இல்லை. லாரியில் வரும் கன்டெய்னரின் நம்பரை கேட்டில் அடித்தால், அது வைஃபை வழியாக ஆபீசுக்குப் போன பிறகுதான் வண்டி எடைமேடையில் ஏற முடியும். ஒன்பது மணிக்கெல்லாம் லாரி வரிசை பஸ் ஸ்டாப்பைத் தொட்டுவிட்டது.

"ஏளா செல்வி, முந்தாநாள் வரைக்கும் ஓடுன மெஷினு இன்னைக்கு ஏன் ஓட மாட்டேங்கு?" என்று அண்ணாச்சி வந்து நின்றார்.

என் வாயில் சனி. ரூட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன், வியர்வை கண்ணில் வழிந்தது. "ஈரத் துணியப் போட்டுத் துடைச்சிருப்பாங்க அண்ணாச்சி" என்றேன். அவரை அந்த இடத்தை விட்டுக் கிளப்ப வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

கிளம்பினார், நேராக எடைமேடைக்கு. அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அக்காவை, நாற்பது டிரைவர்கள் பார்க்க, கூறுகெட்டவள் என்று தொடங்கி ஏசித் தீர்த்தார். சாயங்காலத்தோடு நின்றுகொள்ளவும் சொல்லிவிட்டார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று போய்த் தடுக்காமல், நான் ரூட்டரையே திருகிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சூப்பர்வைசர் மந்திரமூர்த்தி ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்திருந்தார். சந்தனம் சிக்னலை உறிஞ்சிவிடுமாம். அப்படியானால் ஜெயிலில் செல்போன் ஜாமர் எதற்கு, சுவருக்குச் சுவர் ஒரு பொட்டு வைத்தால் போதாதா? கேட்டிருப்பேன். கேட்கும் யோக்கியதை அன்று எனக்கு இல்லை.

மதியம் ஒரு லேப்டாப்பை அணைத்துப் போட்டு, தொடக்கத்தில் வரும் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். பூசிய சந்தனத்தோடே வைஃபை ஜம்மென்று வந்துவிட்டது. ஆக, துணி மேலும் குற்றமில்லை, துடைத்தவள் மேலும் இல்லை.

விஷயம் இதுதான். கர்னல் என்பது எங்கள் லேப்டாப்பில் ஓடும் லினக்ஸின் உயிர்நாடி. வருஷம் முழுக்கப் புதுக் கர்னல்கள் தாமாகவே இறங்கியிருக்கின்றன. ஆனால் அணைத்துப் போட்டால்தான் புதியது பொறுப்புக்கு வரும். எங்கள் யார்டில் அது பூஜைக்கு மறுநாள். வந்ததும், அதில் வைஃபை சில்லை ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருள், சில்லுக்குள் ஏற்றும் நிரலான ஃபர்ம்வேரில் புதியதைக் கேட்டிருக்கிறது. டிஸ்கில் இருந்ததோ மூன்று வருஷப் பழசு. புது மருமகள் மிக்சி கேட்க, மாமியார் அம்மியைக் காட்டிய கதை. இது எனக்கு ஆகாது என்று லாக் எனும் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு டிரைவர் கைகழுவிவிட்டது.

மற்றதெல்லாம் அப்டேட் ஆகும்போது இது மட்டும் ஏன் பழசாகக் கிடக்கிறது? எந்த மடையன் வேலை என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டு தேடினேன். ஃபர்ம்வேர் அப்டேட் ஆகாதபடி யாரோ பூட்டியிருந்தார்கள். பூட்டிய தேதியும் ஆளின் பெயரும் இருந்தன. மடையன் இல்லை, மடச்சி. மூன்று வருஷத்துக்கு முன் வந்த ஒரு ஃபர்ம்வேரால் வைஃபை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அறுந்தது. பழசையே திரும்பப் போட்டு, ஒரு வாரத்தில் திறந்துவிடலாம் என்று பூட்டியவள் நான்தான்.

பூட்டைத் திறந்து ஒரு லேப்டாப்பில் புது ஃபர்ம்வேரை ஏற்றினேன், வேலை செய்தது. மீதி மூன்றையும் இப்படியே முடித்துவிட்டு "ஈரம் காஞ்சிருச்சு அண்ணாச்சி" என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள். ஐந்து நிமிஷம் அதைத்தான் யோசித்தேன், பொய் சொல்வானேன். பிறகு வெட்கம் பிடுங்கித் தின்ன, எழுந்துபோய் அண்ணாச்சியிடம் உள்ளதைச் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. "அவ பாவம்னு நீ பழிய ஏத்துக்கிடுத" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூஜைத் தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தை அள்ளி, சரிசெய்த லேப்டாப் முழுக்க அப்பினேன். சரிசெய்யாத ஒன்றைப் பொட்டில்லாமல் துடைத்து அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் போட்டேன். சந்தனக் காப்பில் இருந்தது வேலை செய்தது, பளபளவென்று இருந்தது முழித்தது.

அண்ணாச்சி இரண்டையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "சரி, அவள இருக்கச் சொல்லு. இத வெளிய சொல்லிட்டுத் திரியாத, கம்பெனிக்குக் கேவலம்."

மீதி மூன்றையும் சரிசெய்துவிட்டுப் போனபோது, அக்கா வாளியைக் கவிழ்த்துவைத்து, தூக்குச்சட்டியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஈரத் துணி என்று கிளப்பிவிட்டதே நான்தான் என்பதையும் சேர்த்து. அவள் முகம் சிவந்துவிட்டது.

"இருக்கச் சொன்னா இருக்கேன் மேடம். ஆனா என்னைய ஏசுனது எடைமேடைல வச்சு. நீங்க இங்கன மூலைல வந்து சொல்லுதிய. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அங்கன பெருக்கப் போவேன்?"

அவளோடு எடைமேடைக்குப் போனேன். வண்டிகள் அப்போதுதான் நகரத் தொடங்கியிருந்தன. கையைத் தட்டி டிரைவர்களைக் கூப்பிட்டேன். "காலைல வைஃபை போனது அக்கா துடைச்சதுனால இல்ல. நான் ஒரு பூட்டப் போட்டுட்டு மறந்துட்டேன். அக்கா மேல பழியப் போட்டதும் நான்தான்."

மரியான் என்ற டிரைவர் லாரியிலிருந்து இறங்கி வந்தார். "அப்ப ஆறு மணியில இருந்து நாங்க வெயில்ல காஞ்சது ஒன்னாலயா?"

"ஆமா அண்ணாச்சி."

அதற்குப் பிறகு கேட்டதையெல்லாம் எழுத முடியாது. என் ஊர், என் படிப்பு, என்னை வேலைக்கு எடுத்தவர் என்று ஒன்றையும் விடவில்லை. போதும், விடுங்க என்று அக்கா குறுக்கே வருவாள் என எதிர்பார்த்தேன். வரவில்லை. கடைசி டிரைவர் ஏசி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று கேட்டாள்.

பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு ஏழு மணிக்கு வாரேன் மேடம்" என்றாள்.