ஓடிப்போகாத சவரியம்மாள்

புத்தகம் எழுதியவர்கள் அஞ்ச வேண்டிய பதில் ஒன்று கோயமுத்தூரில் உண்டு. "நல்லாருக்குதுங்க." அட்டையைப் புரட்டாதவர்களும் அதையேதான் சொல்வார்கள். தொண்ணூற்று நான்கு அக்டோபரில் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்த வக்கீல் வரதராஜுலு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் அற்புதத்தின் வீட்டுக்குக் கொஞ்சம் பயந்துகொண்டேதான் வந்தார். அவர் எழுதிய 'மதுக்கரைக் காளவாய்க் கொலை' ஒரு சின்னப் புத்தகம். அதில் தூக்கிலிடப்பட்ட சூசைமுத்து, அற்புதத்தின் பூட்டன்.

நூறு வருடத்துக்கு முன்னால், சுண்ணாம்புக் கல் சுடும் காளவாயில் வேலை செய்த சூசைமுத்து, தன் மனைவி சவரியம்மாள் எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று ஊரை நம்பவைத்தான். இரண்டு மழைக்காலம் கழித்து, கைவிட்ட காளவாய் ஒன்றைத் தோண்டியவர்களுக்கு அவளுடைய எலும்புகளும் செபமாலையும் கிடைத்தன. பிறகு வழக்கு, தீர்ப்பு, தூக்கு. வக்கீலின் புத்தகம் இதைத்தான் சொன்னது.

அற்புதத்தின் வீட்டில் சொல்லிவந்த கதை வேறு. பூட்டன் காலராவில் போனார், பூட்டி ஓடிப்போனாள். அனாதையாய் நின்ற அவர்களுடைய பிள்ளையை எடுத்து வளர்த்த உறவுக்காரர்கள் சூசைமுத்துவின் சாவை மாற்றினார்கள், அவள்மேல் விழுந்த பழியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். மானம் என்று ஒன்று ஆம்பிளைக்கு மட்டும்தான் இருக்கும் போலிருக்கிறது.

வக்கீலின் புத்தகத்தைப் படித்து முடித்த அற்புதத்துக்குக் கோபம் வந்தது. வேலைக்குப் போவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றபோது அப்பா "சவரியம்மா ரத்தம்" என்றுதான் திட்டினார். எதிர்த்துப் பேசினாலும் சவரியம்மா, வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் சவரியம்மா. அந்தப் பெயரை வேறு எதற்கும் அந்த வீட்டில் யாரும் சொன்னதே இல்லை.

அண்ணன் ஞானாபரணத்துக்கோ வேறு கோபம். "அத்தனையும் பொய்யின்னு வக்கீலுகிட்டச் சொல்லிப்போடு அம்மணி. கோயில்ல தலை காட்ட முடியல." வக்கீல் வந்ததும் அவரும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லுங்கம்மா, புஸ்தகம் எப்படிங்க?" என்றார் வக்கீல்.

"நெசத்தத்தானுங்க எழுதியிருக்கறீங்க." அண்ணன் முறைத்ததை அற்புதம் கண்டுகொள்ளவில்லை. "ஆனா எனக்கு மனசு நெறையலீங்க. நீதிபதி போட்டிருந்த கோட்டு வரைக்கும் எழுதியிருக்கறீங்க. எங்க பூட்டனப் பத்திப் பக்கம் பக்கமா இருக்குது. சவரியம்மாளுக்கு எலும்பும் செபமாலையும் மட்டுந்தானுங்களா?"

வக்கீல் நெற்றியைத் தேய்த்தார். "அந்தம்மா எப்படிப்பட்டவங்கன்னு ஒரு சாட்சியும் சொல்லலீங்களே. நான் எங்க போறதுங்க?"

"ஓடிப்போனாள்னு சொல்லவும் சாட்சி இல்லீங்க. அத எங்க ஊட்டுல நூறு வருசமா நம்புனோம்."

வக்கீல் ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு, போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணன் வெடித்தார். "கொலைகாரன்னு ஒத்துக்கிட்டே. இனிக் கல்லறைத் திருநாளுக்குப் பூட்டன் பேர எப்படிக் குடுக்கறது?" நவம்பர் இரண்டாம் தேதிப் பூசையில் படிக்க, குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைச் சாமியாரிடம் கொடுப்பது அவர்தான். வருடாவருடம் முதல் பெயர் சூசைமுத்து. சவரியம்மாள் பெயர் ஒரு வருடமும் போனதில்லை.

"குடுங்கண்ணா. அவருக்குத்தான் செபம் அதிகமா வேணும். கூடவே அந்தம்மா பேரயும் குடுங்க. இல்லீன்னா நான் பூசைக்கு வரலீங்க."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இருந்தாலும் மனசு கேட்காமல் அற்புதம் பூசைக்குப் போனாள். கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தாள், பெயர் வராவிட்டால் எழுந்து போய்விடலாம் என்று.

சாமியார் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தார். "சவரியம்மாள்" என்றார்.

அற்புதம் சட்டென்று எழுந்துவிட்டாள். அந்தப் பெயர் காதில் விழுந்தால் திட்டு விழும் என்று சின்ன வயதிலிருந்தே பழகிய உடம்பு. திட்டு வரவில்லை. அடுத்துச் சூசைமுத்து, அதற்கடுத்து அப்பா. உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் கூடுதலாக ஒரு மெழுகுவத்தியோடு நின்றிருந்தார். "அந்தம்மாளுக்குக் கல்லறை இல்லையே அம்மணி. இத எங்க வெக்கறது?"

"அப்பன் கல்லறைமேலயே வெய்யிங்கண்ணா. அவருதான அந்தம்மா பேரச் சொல்லியே திட்டுனாரு."

அண்ணன் கல்லில் பொறித்திருந்த அப்பாவின் பெயரைப் பார்த்தார். பிறகு குனிந்து, காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு மெழுகுவத்தியைப் பற்றவைத்தார்.