பீலிக்ஸ் வாசித்த கடதாசி

பீலிக்ஸ் கண்ணாடியைப் போட்டு, கடதாசியை விரித்து, முதல் வரியை வாசித்தும் விட்டார். மிதுசா இன்னும் ஒலிவாங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஜேர்மனியில் எசன் நகர மயானத்து மண்டபத்தில் ஐம்பது நிமிடம்தான் தருவார்கள். இந்த நாட்டில் செத்தவனும் டெர்மின் எடுத்து நேரம் குறிக்கவேண்டும். ஐயர் முப்பத்தைந்து நிமிடத்தை விழுங்கிவிட்டார். கதவடியில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஊழியர் ஒருவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் தவராசாவின் சவப்பெட்டியைப் பார்ப்பதுமாக நின்றார்.

பீலிக்ஸ் பேசவேண்டும் என்பது தவராசாவின் ஆசை. இருபத்தெட்டு வருடம் பாண் சுடும் தொழிற்சாலையில் ஒரே போறணை அடுப்புக்கு முன்னால் நின்று வெந்தவர்கள் இருவரும். பீலிக்ஸ் டொச் மொழியில் சொல்ல, மகள் மிதுசா தமிழில் சொல்லவேண்டும் என்றும் சொல்லி வைத்திருந்தார். மிதுசாவுக்கு அது பழகிய வேலை. பத்து வயதில் தொடங்கி அப்பா அம்மாவுக்காக எத்தனையோ கந்தோர்களில் நின்றிருக்கிறாள். அதிகாரிகள் எரிந்து விழுந்ததையெல்லாம் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் தமிழில் சொல்லுவாள்.

"நானும் தவராசாவும் ஒண்டா வேலை செய்தனாங்கள்," என்றாள்.

அடுத்து பீலிக்ஸ் ஒரு தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றி வாசித்தார். எழுபதுகளில் எடுத்த சிரிப்பு நாடகம். ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பத் திரும்பப் போடுவார்கள். காற்சட்டைக்குத் தோள்வார் போட்ட ஒரு குள்ள மனுசன் துருக்கியரை, இத்தாலியரை, சொந்த மருமகனைக்கூட வாய்க்கு வந்தபடி திட்டுவான். ஒவ்வொரு கிழமையும் கடைசியில் மூக்குடைபடுவதும் அவன்தான். அவனைப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்றுதான் அதை எடுத்தார்கள். திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் நாங்கள் அவனோடு சேர்ந்து சிரித்தோம் என்று பீலிக்ஸ் வாசித்தார். அவன் திட்டுகிற வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்து, புதிதாக வந்த தவராசாவுக்குச் சூட்டினார்களாம். குரங்கு என்று கூப்பிட்டார்களாம். பதினாலு வருடம்.

மிதுசா இதற்கும் பல்லைப் பிடுங்கினாள்.

"வேலையிடத்திலை பகிடிக்கு ஒரு பட்டப்பேர் வைச்சுக் கூப்பிடுறவையாம்," என்றாள்.

இரண்டாம் வரிசையில் சித்தப்பாவின் மகன் சாருஜன் சட்டென்று தலையை நிமிர்த்தினான். மண்டபத்தில் பாதிப்பேர் அவனைப் போல இங்கே பிறந்தவர்கள், டொச் தண்ணிபட்ட பாடு. முன்வரிசையில் அம்மா. அம்மா டொச் கதைக்கமாட்டார், ஆனால் விளங்கும்.

"உள்ளதைச் சொல்லு பிள்ளை," என்றார் அம்மா. "கேட்டுக்கொண்டு வாழ்ந்த மனுசன். எங்களுக்குக் கேக்க ஏலாதோ?"

"குரங்கு எண்டு கூப்பிட்டவையாம்," என்றாள் மிதுசா. "பதினாலு வருசம்."

கதிரைகள் அசைந்தன. யாரோ ஒரு பெரியவர் எழும்பப் பார்க்க, பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து இருத்தினார். பீலிக்ஸ் தலை நிமிராமல் அடுத்த பந்திக்குப் போனார். அது தொழிற்சாலையின் கோடை விழா.

மிதுசாவுக்கு அந்த விழா தெரியும். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. அப்பா யாருடையதோ தோள்வாரை வாங்கி மாட்டி, பாண் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, அந்தக் குள்ளனாக நடித்தார். வெள்ளைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் கார் நின்ற இடத்துக்கு ஓடிவிட்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது, "உங்களுக்கு மானம் ரோசம் ஒண்டும் இல்லையோ அப்பா?" என்று கேட்டாள். அப்பா சிக்னல் போட்டு வலப்பக்கம் திருப்பினார். அதற்குப் பிறகு இருபத்தொரு வருடம் இருவரும் அந்தக் கதையை எடுக்கவேயில்லை. போன கிழமை ஆஸ்பத்திரியில் எடுப்போம் என்று கட்டிலுக்குக் கிட்டக் கதிரையை இழுத்தாள். தாதி ஊசியோடு வந்தாள். அதற்குப் பிறகு அப்பா கண் திறக்கவில்லை.

"அண்டைக்குத் தவராசா எங்களைக் காட்டிக் கேட்டார்," என்று மிதுசா பீலிக்ஸுக்குப் பின்னால் வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போனாள். "'பச்சை இறைச்சியைப் பாணிலை பூசித் தின்னுற சனம், இதுகளை எந்தக் காட்டுக்குத் திருப்பி அனுப்பிறது?' எண்டு."

பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். செத்தவீட்டில் சிரித்தோமே என்று அவர்களே வெட்கப்பட்டு அடங்கினார்கள்.

"நாங்களும் சிரிச்சனாங்கள். வீட்டை போய்ச் சப்பாத்தைக் கழட்டேக்கைதான் எனக்கு உறைச்சது. அவர் நாடகக்காரனை நடிக்கேல்லை. என்னை நடிச்சவர். என்ரை நடை, என்ரை இருமல், நான் விரலை நீட்டுற மாதிரி. திங்கக்கிழமை சாப்பாட்டு அறையிலை ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அந்தப் பேர் அதோடை நிண்டுபோச்சு. நான் அவரிட்டை மன்னிப்புக் கேக்கேல்லை. அதுக்குப் பிறகும் பதினாலு வருசம் பக்கத்திலை நிண்டனான். கேக்கேல்லை."

பீலிக்ஸ் கடதாசியை மடித்தார். மிதுசா பெட்டிக்குள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பதினாலு வருடம் வாங்கிக்கட்டிய மனுசன் ஒரே ஒரு நாள் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குப் பார்த்து அவள் அவரைக் கோமாளி என்று நினைத்திருக்கிறாள்.

"நானும் கேக்கேல்லை அப்பா," என்றாள் ஒலிவாங்கியில். "இருவத்தொரு வருசம் உங்களுக்குப் பக்கத்திலை இருந்தனான். ஒருநாள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நீங்கள் சிரிச்சிருப்பியள், அதோடை முடிஞ்சிருக்கும்…"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். தமிழ் தெரியாத பீலிக்ஸ், இவ்வளவு நீளமாகவா எழுதினோம் என்பதுபோல மடித்த கடதாசியைத் திரும்ப விரித்துப் பார்த்தார்.

நேரம் முடிந்துவிட்டது. கறுப்புக் கோட்டுக்காரர் வந்து பெட்டி மூடியில் ஒரு கையை வைத்தபடி, இன்னும் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று அவளிடம் மெல்லக் கேட்டார்.

இருந்தது. மிதுசா இல்லையென்று தலையாட்டினாள்.