சட்டைப் பையில் ஒரு ஃபியூஸ்

மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவள் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் காண்ட்ராக்டரின் குரல் கேட்டது.

"போனவரைப் பத்தித் தப்பாப் பேசக் கூடாதுதான். இருந்தாலும் இப்படியா அஜாக்கிரதையா இருப்பாரு?"

அவள் முடிச்சை விட்டுவிட்டுக் காது கொடுத்தாள். கூடத்தின் நடுவே அவள் கணவர், நேற்று மத்தியானம் வரை எலக்ட்ரீஷியனாக இருந்தவர், வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்த ஆள் பேசுகிறான். எழுந்து பதில் சொல்லமாட்டார் என்கிற தைரியம்.

"கரண்டை ஆஃப் பண்ணாம ஒயர்ல கை வச்சிருக்காரு. நேத்து வேலைக்கு வந்தவன்கூட அப்படிச் செய்யமாட்டான். சரி, நடந்தது நடந்துபோச்சு. நடந்ததை இதுல எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், நீயும் ஒண்ணு போட்டுடு தம்பி. ஸ்டேஷன்ல கேக்குறாங்க. இழுத்துக்கிட்டே போனா உங்களுக்குத்தான் அலைச்சல்."

தம்பி என்றது அவள் கொழுந்தனை. அழுது வீங்கிய முகத்தோடு, எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்கிற நிலையில் இருந்தான் அவன்.

அஜாக்கிரதையாம்! பதினோரு வருஷம் அவருடன் வேலைக்குப் போனவள் அவள். ஒயர் இழுப்பது அவர். சுவரில் சுவிட்சுப் பெட்டி மாட்டுவது அவள். ஜிப்சம் பலகைச் சுவரில் பெட்டி மாட்டுவது சும்மா என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை மாட்டிப் பார்க்கட்டும். பெட்டியை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு உள்பக்கமாகவே ரம்பத்தை ஓட்ட வேண்டும். நூலளவு கூடிவிட்டால் போச்சு. பெட்டியின் இரண்டு காதுகளும் பலகையின் பின்பக்கத்தைக் கவ்வாது. பெட்டி ஆயுசுக்கும் ஆடும். அவள் அறுத்த ஓட்டையில் எந்தப் பெட்டியும் ஆடியதில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாளில் அவரே அறுத்து மாட்டியது ஒன்றே ஒன்று, இந்த வீட்டுக் கூடத்து சுவிட்சு. அது இன்றைக்கும் ஆடுகிறது.

நேற்று அவளை வரவேண்டாம் என்றதும் இதே காண்ட்ராக்டர்தான். "மூணே மூணு பெட்டி. அதுக்குப் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரா?"

முடிச்சோடு மல்லுக்கட்டாமல் பையையே கிழித்தாள். பேண்ட், பெல்ட், ஒற்றைச் செருப்பு. சட்டையை நெடுக வெட்டி எடுத்திருந்தார்கள். இடது பக்கப் பை மட்டும் முழுசாக இருந்தது. அதன் பட்டன் போட்டிருந்தது. உள்ளே ஏதோ கனத்தது.

பட்டனைத் தொடும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எந்த வீட்டில் கால் வைத்தாலும் அவருக்கு முதல் காரியம் அதுதான். வேலை செய்யப்போகிற அறையின் ஃபியூஸைப் போர்டிலிருந்து பிடுங்குவார். சட்டைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டுவார். பையின் மேல் இரண்டு தட்டுத் தட்டுவார். "சுவிட்சை எவன் வேணும்னாலும் போட்டுருவான். என் பையில கை விடணும்னா என்னைக் கேக்கணும்ல?" சாப்பிடப் போனாலும் அது பையோடு போகும். ஒரு தடவை மறந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம் ஃபோனில் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்பேர்ப்பட்டவருக்குக் கரண்டை அணைக்கத் தெரியவில்லையாம்.

பீங்கான் ஃபியூஸ் உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. அதில் ஒட்டிய டேப்பில் அவர் கையெழுத்து: ஹால்.

அவள் கூடத்துக்கு வந்தபோது கொழுந்தன் பேனாவைத் திறந்திருந்தான்.

"கீழ வை."

"அண்ணி, ஸ்டேஷன்ல..."

"வைன்னு சொல்றேன்ல."

காகிதத்தின் மேல் ஃபியூஸை வைத்தாள். காண்ட்ராக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"எந்த ரூம்ல விழுந்தாரு?"

"ஹால்லதான். ஏம்மா?"

"இது அந்த ஹால் ஃபியூஸ். அவரு பையில, போட்ட பட்டன் போட்டபடி இருக்கு. ஃபியூஸ் இங்க இருக்கும்போது ஒயருக்குக் கரண்டு எங்கருந்து வந்துச்சு?"

காண்ட்ராக்டர் சிரிக்கப் பார்த்தான்.

"பழசு ஏதாவது இருக்கும்மா. எலக்ட்ரீஷியன் பையில நாலு கெடக்கும்."

"அப்ப வாங்க, இப்பவே போர்டைப் போய்ப் பாப்போம். ஹால்னு எழுதின ஃபியூஸ் அங்க இருந்தா நானே கையெழுத்துப் போடுறேன்."

"சாவு வீட்டுல என்னம்மா வழக்கு?"

"காகிதத்தை நானா எடுத்துட்டு வந்தேன்?"

அப்போதுதான் வாசல் ஓரமாகப் பெயிண்டர் அசைந்தான். அவர் விழுந்த அதே வீட்டில் சுவருக்குப் பட்டி பார்க்கிறவன். காலையிலிருந்து யார் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, பட்டி தேய்க்கிற மெஷினுக்கு ஹால் ப்ளக்லருந்துதான் மாடிக்கு ஒயர் இழுத்திருந்தேன். மெஷின் ஓடல. அண்ணன் சாப்பிடப் போயிருந்தாரு. அவர் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தா வேலை முடிஞ்ச மாதிரிதான், போர்டுல ஃபியூஸ் இருந்த இடத்துல கம்பியைச் சொருகி ஓட்டுன்னு சார் சொன்னாரு. அண்ணன் திரும்பி வந்தது எனக்குத் தெரியாதுக்கா. மெஷின் சத்தத்துல..."

"டேய்!" என்றான் காண்ட்ராக்டர்.

பெயிண்டர் நிறுத்தவில்லை. பையிலிருந்து விரல் நீளச் செம்புக் கம்பி ஒன்றை எடுத்தான். இரண்டு முனையும் கருத்திருந்தன. "சாயங்காலமே கழட்டித் தூக்கிப் போடச் சொன்னாரு. எனக்கு மனசு வரல."

திரும்பி வந்த மனிதர் என்ன செய்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். பையைத் தொட்டுப் பார்த்திருப்பார். இருக்கிறது என்று நம்பி ஒயரைப் பிடித்திருப்பார்.

"ஒரு குரல் குடுத்திருக்கலாமேடா, பாவி. ஒரே ஒரு குரல்."

அவன் தலை குனிந்தான்.

"ஸ்டேஷன்ல இதைச் சொல்லுவியா?"

"சொல்றேன்க்கா."

"தரையைப் பாத்துக்கிட்டு இல்ல. அவர் முகத்தைப் பாத்துச் சொல்லு."

பெயிண்டர் கிட்டே வந்து அவர் முகத்தைப் பார்த்தான். வாய் கோணியது. ஆனாலும் சொன்னான்.

காண்ட்ராக்டர் காகிதத்தை எடுக்கக் கை நீட்டினான். அவள் அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "இருக்கட்டும். உங்க கையெழுத்து இதுல இருக்குல்ல, அது போதும்." அவன் பேனாவைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனான்.

மாலையில் அவரை எடுத்துக்கொண்டு போய், எல்லாம் முடித்துத் திரும்பினார்கள். கொழுந்தனும் பெயிண்டரும் ஸ்டேஷனுக்குப் போக வாசலில் வண்டியோடு நின்றார்கள். அவள் தன் வேலைச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துச் சேலைக்கு மேல் போட்டாள். ஃபியூஸையும் கம்பியையும் பையில் போட்டுப் பட்டனை மாட்டினாள். கை தானாக இரண்டு தட்டுத் தட்டியது.

காலிக் கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சைத் தொட்டதும் பெட்டி ஆடியது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அணைத்தாள்.